ஓடும் காருக்குள்ளிருந்து எடுத்த இரவு



நம் ஊர்த் தம்பிமார் கொஞ்சக் காலமாகப் போடும் ஒரு வகைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். காருக்குள் போனை அசையாமல் பொருத்தி, ஷட்டரை மூன்று நான்கு செக்கன் திறந்து வைத்து, அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைப் பக்கம் ஓடிக்கொண்டே எடுப்பது. ஸ்டியரிங்கும் டாஷ்போர்டும் தெளிவாக இருக்கும். வெளியே வீதி விளக்கு, கடை விளக்கு, எதிரே வரும் வாகனம் எல்லாம் கோடு கோடாக இழுபட்டு நிற்கும். பெரியவர்கள் இதை விளையாட்டு என்கிறார்கள். வரலாறு படிப்பிக்கிற எங்களுக்கு அப்படி விட்டுவிட மனம் வரவில்லை.

இதன் கதை கமராவுக்கும் முந்தியது. பஸராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், தன்னுடைய 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஒரு பரிசோதனையைச் சொல்கிறார். ஒரு சிறு துவாரத்துக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தால், உள்ளே இருட்டறையில் அத்தனை வெளிச்சப் பொட்டுகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். ஒரே துவாரத்தால் வந்தாலும் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. தம்பிமாரின் படத்தில் ஒவ்வொரு விளக்கும் தனக்கென ஒரு கோடு போடுவது இதனால்தான். கார் நகர நகரப் பொட்டும் நகர்ந்து கோடாகிறது.

ஆனால் விழுந்த பொட்டைப் பிடித்து வைக்க வழி கிடைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான். 1838இல் லூயி டாகேர் பாரிஸில் ஒரு ஜன்னலிலிருந்து பெரிய தெருவொன்றைப் படம் பிடித்தார். அவருடைய தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் வேண்டும். குதிரை வண்டியும் சனமும் நிறைந்த தெரு, படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. சப்பாத்துத் துடைக்கக் காலை நீட்டியபடி நின்ற ஒருவர் மட்டும் ஓரத்தில் பதிந்திருக்கிறார். மனித உருவம் பதிந்த மிகப் பழைய படங்களில் ஒன்று அது. நின்றவர் பதிந்தார், போனவர் எல்லோரும் மறைந்தார்கள். 1889இல் ஜோர்ஜ் டெமெனி நடப்பவரின் மூட்டுகளில் சிறு மின்குமிழ்களைக் கட்டி நடையையே கோடாக எடுத்தார். 1949இல் பிக்காசோ இருட்டில் கைவிளக்கால் வரைந்ததை ஜோன் மிலி படமாக்கினார். அங்கெல்லாம் கமரா அசையவில்லை. காருக்குள் நிலைமை தலைகீழ். நம்மோடு சேர்ந்து ஓடுவது அசையாமல் பதிகிறது, நட்டு வைத்த மின்கம்பம் ஓடுகிறது.

சின்னக் கணக்கு ஒன்று. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 10 மீற்றர். 4 செக்கன் திறந்திருந்தால் 40 மீற்றர் வீதி ஒரே படத்துக்குள் வந்துவிடும். பழைய மஞ்சள் சோடியம் விளக்கு நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிரும், அதனால் அதன் கோடு உற்றுப் பார்த்தால் மணி கோர்த்த மாதிரி இருக்கும். கார் கிடங்கில் விழுந்தால் எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் துள்ளும். வீதியைத் திருத்த வருகிறவர்களுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்!

இனி நம் வீதிக்கு வருவோம். கொழும்பில் தொடங்கி, இரத்தினபுரி, பொத்துவில் என்று சுற்றி, நம் ஊருக்கூடாக மட்டக்களப்புக்குப் போகிற ஏ4 வீதி இது. 1990க்குப் பிறகு இதில் இஷாவுக்குப் பின் ஒருவர் வெளியூர் போகிறார் என்றால் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் மையித்து வீடு. சோதனைச்சாவடி தூரத்தில் தெரியும்போதே முன் விளக்கை அணைத்து, உள்விளக்கைப் போட்டு, மெதுவாகப் போக வேண்டும். அந்த வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்று இந்தப் படத்துக்கு முதல் நிபந்தனை உள்விளக்கை அணைப்பது. அன்று உயிரோடு வீடு போக முதல் நிபந்தனை அதைப் போடுவது. இருட்டில் நிற்பவருக்கு நம் முகங்கள் தெரிய வேண்டும், அவர் நமக்குத் தெரிய வேண்டியதில்லை. இதற்குள் கையில் கமராவும் இருந்தால் என்னென்ன கேள்வி வரும்! அதனால்தான் 2009 மே வரையான அந்த 19 வருடத்துக் கலியாணப் படம் வீடுகளில் அல்பம் அல்பமாக இருக்கிறது, இரவு வீதியின் படம் ஒன்றுகூட இதுவரை எங்கள் கண்ணில் படவில்லை.

2019 ஏப்ரல் 26 சாய்ந்தமருது வெடிப்புக்குப் பின் ஊரடங்கும் சோதனையும் திரும்பி வந்தன. உள்விளக்கு மீண்டும் எரிந்தது. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு, வீதி விளக்குகளையும் அணைக்கச் சொன்ன காலம். ஓட்டப் பெற்றோலும் இல்லை. ஆகவே இந்தப் படத்தில் விழுகிற ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் மின்சாரம், எரிபொருள், பயமில்லாத பயணம் மூன்றும் இருக்கின்றன. அக்கரைப்பற்றிலிருந்து அட்டாளைச்சேனை வரை கோடுகள் நெருக்கமாக வரும். ஒலுவில் தாண்டி வயல்வெளிக்குள் ஏறினால் படம் கறுத்து, நிந்தவூரில் மறுபடி நிறையும். வெளிச்சம் எந்தெந்த இடத்தில் இருக்கிறது, எங்கே இல்லை என்பதை இதைவிட நேர்மையாக எந்த அறிக்கையும் காட்டாது.

தம்பிமாரிடம் இரண்டு வேண்டுகோள். ஓட்டுகிறவர் போனைத் தொடக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் எடுக்க வேண்டும். அடுத்தது, வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் 24 மணித்தியாலத்தில் போய்விடும். மூலப் படத்தைத் திகதி, நேரம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்ற குறிப்போடு சேமித்து வையுங்கள். 2022இல் அந்த இருட்டுக்குள் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால், ஒன்றும் தெரியவில்லை என்று அழித்துவிடாமல் எங்களுக்கு அனுப்புங்கள்.