அறுபது நூல்களில் இல்லாத ஒன்று

1915-இல் மேரி வேர் டெனெட் என்ற அமெரிக்கப் பெண்மணி தம் இரண்டு மகன்களுக்காக ஒரு சிறு கட்டுரை எழுதினார். மூத்தவனுக்கு அப்போது வயது 14, இளையவனுக்கு 11. உடலுறவு பற்றியும் வயதுக்கு வரும் உடலின் மாற்றங்கள் பற்றியும் பிள்ளைகளிடம் பேசும் காலம் வந்துவிட்டது என்று நினைத்தவர், முதலில் புத்தகம் தேடினார். ஏறத்தாழ 60 வெளியீடுகளைப் புரட்டிப் பார்த்தும் எதையும் பிள்ளைகள் கையில் கொடுக்க மனம் ஒப்பவில்லை. பிறகுதான் தாமே எழுத உட்கார்ந்தார். பெற்றோர் இந்த விஷயத்தில் வாய் திறக்காததற்குக் கூச்சமே காரணம் என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். டெனெட்டின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அந்த விளக்கம் போதாது. அன்றைய அமெரிக்கப் பெற்றோரிடம் கூச்சம் இருந்தது. அதற்குத் தீனி போட்டு வளர்த்ததில் சட்டத்துக்கும் அஞ்சல் துறைக்கும் நல்லெண்ணம் கொண்ட நூலாசிரியர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

1873-இல் நிறைவேறிய காம்ஸ்டாக் சட்டம், ஆபாசமானவை என்று கருதப்பட்ட எழுத்துகளையும் கருத்தடை பற்றிய தகவல்களையும் அஞ்சலில் அனுப்புவதைக் குற்றமாக்கியது. மருத்துவருக்குக்கூட விலக்கு இல்லை. எது ஆபாசம் என்பதைச் சட்டம் விளக்கவில்லை. அஞ்சல் அதிகாரிகள் தீர்மானித்தார்கள். அப்படியானால் அந்தக் காலத்தில் பெற்றோருக்கு எந்த உதவியும் கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். கிடைத்தது, தாராளமாகவே கிடைத்தது. சில்வேனஸ் ஸ்டால் என்ற லூத்தரன் போதகர் 1897-இல் சிறுவர்களுக்காக எழுதிய நூலும் அதைத் தொடர்ந்து வந்த வரிசையும் அமோகமாக விற்றன. அந்த நூலின் அமைப்பே விசித்திரமானது. பெரியவர் ஒருவர் ஃபோனோகிராஃப் கருவியில் பேசிப் பதிவு செய்து, அந்த உருளைகளைச் சிறுவனுக்கு அனுப்புவதாகக் கற்பனை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசும் சங்கடம் நூலாசிரியரின் கற்பனையிலேயே எந்திரத்தின் தலையில் கட்டப்பட்டுவிட்டது! உள்ளே பூவும் மகரந்தமும் மீனும் முட்டையும் வரும். மனிதனை நெருங்கியதும் எச்சரிக்கை தொடங்கிவிடும். சுய இன்பம் உடலையும் மனத்தையும் சீரழிக்கும் என்பதே அந்தக் கால நூல்களின் பொதுக் குரல். ஆகப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அச்சத்தைத் தவிர வேறு எந்த உணர்ச்சியோடும் இதைப் பேசலாம் என்பதைத்தான் யாரும் பெற்றோருக்குக் கற்றுத் தரவில்லை.

டெனெட் நிரப்ப முனைந்தது இந்தக் குறையைத்தான். உடலியல், இயற்கை அறிவியல், ஒழுக்கம், உணர்ச்சி என்று நான்கு பக்கங்களிலிருந்தும் விஷயத்தை அணுகினார். உறுப்புகளை அவற்றின் பெயர் சொல்லியே குறித்தார். சுய இன்பம் பற்றிய பயமுறுத்தல்கள் மிகைப்பட்டவை என்றார். பால்வினை நோய்களை மறைக்கவில்லை. ஆனால் அவற்றைத் தெய்வ தண்டனையாகக் காட்டாமல் சிகிச்சைக்கு உட்பட்ட நோய்களாகவே காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலாக, காதலுள்ள இருவரின் உறவு பெரும் இன்பம் தருவது என்று ஒளிக்காமல் எழுதினார். வளர்ந்து பக்குவப்படும்வரை காத்திருக்கச் சொல்லும் எழுத்துதான் அது. புரட்சி என்று சொல்ல அதில் அதிகம் இல்லை. இளையோருக்கான அந்த விளக்கத்தின் முகப்பில் பெரியவர்களுக்கென்று ஒரு முன்னுரை வைத்தார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். முதலில் தயாராக வேண்டியவர் யார் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. நண்பர்கள் வாங்கிப் படித்தார்கள். 1918-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. அடுத்த ஆண்டு 25 சென்ட் விலையில் சிறு நூலாக வந்தது. ஒய்.எம்.சி.ஏ.வும் ஓர் இறையியல் கல்லூரியும் பொதுச் சுகாதாரத் துறைகளும் வாங்கின.

இதற்கு முன்பே, 1913-இல், சிகாகோவின் கல்விக் கண்காணிப்பாளர் எல்லா ஃபிளாக் யங் உயர்நிலைப் பள்ளிகளில் பாலியல் சுகாதாரச் சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்தார். இது பள்ளியின் வேலை அல்ல, வீட்டில் பெற்றோர் செய்ய வேண்டியது என்று எதிர்ப்பு கிளம்பி, அந்த முயற்சி நின்றுபோனது. இன்றுவரை நம் காதில் விழும் வாதம்தான். சரி, வீட்டில் ஒரு தாய் அந்த வேலையைச் செய்தாரே, என்ன ஆயிற்று? 1922-இல் அஞ்சல் துறை அவருடைய நூலைத் தடை செய்தது. எந்தப் பகுதி ஆபாசம் என்று அவர் கேட்டும் பதில் வரவில்லை. ஒட்டி மூடிய உறையில் வைத்து அனுப்புவதைத் தொடர்ந்தார். பிறகு அஞ்சல் ஆய்வாளர் ஒருவர் வர்ஜீனியாவிலிருந்து ஒரு பெண்ணின் பொய்ப்பெயரில் நூலுக்கு எழுதிப் போட்டு வரவழைத்தார். 1929-இல் புரூக்ளின் நீதிமன்றத்தில் ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஜூரி முக்கால் மணி நேரத்துக்குள் அவரைக் குற்றவாளி என்றது. 300 டாலர் அபராதம். கட்ட மாட்டேன் என்றார்.

இதில் பாலியல் கல்விக்கு என்ன சம்பந்தம், இது பழிவாங்கல் என்று சொல்வாரும் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. காம்ஸ்டாக் சட்டத்திலிருந்து கருத்தடையை நீக்கக் கோரி டெனெட் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களைச் சந்தித்து வாதாடிக்கொண்டிருந்த காலத்தில்தான் தடை வந்தது. ஆனால் பழிவாங்க நினைத்தவர்களுக்கு இந்த நூல் கருவியாகப் பயன்பட்டதற்கு அதன் உள்ளடக்கமே காரணம். அதே காலத்தில் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரப் பணித் துறை, முதல் உலகப் போர் கிளப்பிய பால்வினை நோய் அச்சத்தின் தொடர்ச்சியாக, சிறுவர்களுக்கான சுவரொட்டிகளை நாடெங்கும் கொண்டுசென்றது. பாலுறவு பற்றிய பேச்சு என்பதாலேயே குற்றமாகிவிடும் என்றால் அரசே குற்றவாளி. நோயைச் சொன்னால் சுகாதாரம், இன்பத்தைச் சொன்னால் ஆபாசம் என்ற பாகுபாடு இருந்ததால்தான் வழக்கே நிற்க முடிந்தது.

1930 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதிய அகஸ்டஸ் ஹேண்ட், நடைமுறை அறிந்தவர் போல வாதிட்டார். பாலியல் தகவல் சில இளையோரின் உணர்ச்சியைத் தூண்டலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளின் ஆவல் எப்படியும் அடங்காது; அதை இருட்டில் தடவ விடுவதைவிட அக்கறையோடு எழுதப்பட்ட உண்மை மேல் என்றார். ஆனாலும் காம்ஸ்டாக் சட்டம் அப்படியே நின்றது. கருத்தடைத் தகவலுக்கான தடை 1971 வரை ஏட்டில் இருந்தது. டெனெட்டைச் சிக்கவைத்த அளவுகோல் 1868-ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பான ஹிக்ளின். ஒரு நூல் எளிதில் கெடக்கூடிய மனத்தைக் கெடுக்குமா என்று அது கேட்கும். சிறுவர்களுக்காகவே எழுதப்பட்ட எதுவும் அந்தக் கேள்வியிலிருந்து தப்புவது கடினம். அதே அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் 1964-இல் ரஞ்சித் உதேஷி வழக்கில் ஏற்றுக்கொண்டு, 2014-இல்தான் கைவிட்டது.

மகன்களுக்கு எழுதியதால் டெனெட்டின் நூலுக்குச் சில எல்லைகள் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் பெரியவராலேயே பிள்ளைக்குத் தீங்கு வரலாம் என்பதை இன்று எந்தப் பெற்றோரும் விட்டுவிட முடியாது; அந்த நூலின் அக்கறை அங்கே போகவில்லை. வழக்கில் வென்ற மறு ஆண்டு, 1931-இல், பிள்ளைகளின் பாலியல் கல்வி பற்றி இன்னொரு நூலை வெளியிட்டார். இம்முறை பெரியவர்களுக்கு ஒரு முன்னுரையோடு நிறுத்தவில்லை. முழு நூலையும் பெற்றோருக்காகவே எழுதினார்.