கொச்சுரிபானாவும் 1936ஆம் ஆண்டுச் சட்டமும்

ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் நாம் அழைக்கும் நீர்ச்செடிக்கு வங்காளத்தில் கொச்சுரிபானா என்று பெயர். முதல் உலகப்போர்க் காலத்தில் 'ஜெர்மன் பானா' என்ற பெயரும் அதனோடு சேர்ந்துகொண்டது. செடியின் தாயகம் ஜெர்மனி அன்று. தென்னமெரிக்காவின் அமேசான் படுகை. பூவின் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்கத்துக்கு வந்த அது, சில பத்தாண்டுகளில் கிழக்கு வங்கத்தின் ஆறுகளையும் வயல்களையும் மூடியது. படகு நகராவிடில் சணல் சந்தைக்குச் சேராது; வெள்ளத்தோடு மிதந்து வரும் செடி நெற்பயிரை அமுக்கிவிடும். பகைநாட்டின் பெயரை மக்கள் அதற்குச் சூட்டியதில் வியப்பில்லை.

1921இல் ஜகதீஷ் சந்திர போஸ் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அழிப்பதா, பயன்படுத்துவதா என்பதே அக்காலத்தின் பெரிய விவாதம். செடியின் சாம்பலில் பொட்டாஷ் மிகுதி, நல்ல உரம். ஆனால் விலை கிடைக்குமென்றால் உழவர்கள் அதை வளர்க்கத் தொடங்கிவிடுவார்களோ என்று அதிகாரிகள் அஞ்சினர்.

இலங்கையில் 1909இலும் பர்மாவில் 1917இலும் இச்செடிக்கு எதிராகச் சட்டங்கள் பிறந்திருந்தன. வங்காளச் சட்டம் வந்தது 1936இல். தோட்டத்திலோ அலங்காரக் குளத்திலோ இதை வளர்ப்பது தடைசெய்யப்பட்டது. தம் அனுபவத்திலுள்ள நிலத்திலும் நீரிலும் இருப்பதை அகற்றும் கடமை குடியானவர்மீது விழுந்தது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சிகள் இதன் ஒழிப்பை வாக்குறுதியாக்கின. ஃபஸ்லுல் ஹக் அமைச்சரவை ஊராரைத் திரட்டிச் செடியை அகற்றும் இயக்கங்களை நடத்தியது.

சட்டத்தின் குறையை நாம் இங்கேதான் காண வேண்டும். மிதக்கும் செடிக்கு வரப்பு ஏது? இன்று ஒருவர் தூய்மை செய்த வயலுக்கு, நாளை மேல்மடையிலிருந்து அது மீண்டும் வந்துவிடும். இரயில் பாதைக்காக எழுப்பிய கரைகள் நீரோட்டத்தை மறித்ததும் செடி தேங்கிப் பெருகக் காரணம் என்று வரலாற்றாசிரியர் இஃப்தேகார் இக்பால் காட்டியுள்ளார். சட்டமோ உழவரிடம் மட்டுமே கணக்குக் கேட்டது. கரை எழுப்பியவர்களிடம் கேட்கவில்லை.

அதே மண்ணின் உழவர்கள் கொச்சுரிபானாவை அடுக்கி மிதக்கும் பாத்தி கட்டி, வெள்ளக்காலத்திலும் அதன்மேல் காய்கறியும் நாற்றும் வளர்க்கிறார்கள். வங்கதேசத்தின் இந்த மிதவைத் தோட்டங்களை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2015இல் உலக வேளாண் மரபாக ஏற்றது. அழிப்பதா, பயன்படுத்துவதா என்ற பழைய விவாதத்துக்கு விடை சொன்னவர்கள், சட்டம் யாரிடம் கணக்குக் கேட்டதோ அவர்களே.