சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று

எங்கள் அம்மப்பா வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் கோடு ஏறியவர். படுவான்கரையில் வயலும் மாடுமாகக் காலம் கழித்த மனிதர். முப்பதுகளில் ஒரு மாரிக் காலத்து இரவில் அவருடைய மாடு பக்கத்துக் காணிக்காரரின் வேளாண்மையில் இறங்கி மேய்ந்துவிட்டது. முறைப்பாடு போனது. பொலிசார் வந்து வாக்குமூலம் எடுத்தார்கள். “கட்டின மாடு அவிழ்ந்திட்டு” என்று அம்மப்பா சொன்னார். கேட்டவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். கீழே பெருவிரல் அடையாளம் வைத்தாயிற்று.

புளியந்தீவுக் கோட்டில் அதை வாசித்து, முதலியார் தமிழில் திருப்பிச் சொன்னபோதுதான், மாட்டைத் தானே அவிழ்த்துவிட்டதாகத் தான் ஒப்புக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியவந்தது. “மனே, நான் சொன்னது ‘ந்து’. அவன் எழுதினது ‘த்து’. மறுகா என்ன, தண்டம் கட்டிப்போட்டு வந்தன்” என்று சொல்லிச் சிரிப்பார். அம்மம்மா சிரிக்கமாட்டா. தண்டப் பணத்துக்காக விற்றது அவவின் சீதனப் பசு.

வீட்டுக் கதையோடு இன்றைய உரையைத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில், 1936ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், கொழும்பில் அரசாங்க சபையில் ஒரு பிரேரணை நிறைவேறியது. அதில் இரண்டு விடயங்கள் இருந்தன. நகராட்சி நீதிமன்றங்களிலும் பொலிஸ் நீதிமன்றங்களிலும் விசாரணைகள் சுதேச மொழிகளில் நடக்கவேண்டும் என்பது ஒன்று. பொலிஸ் நிலையங்களில் எழுதப்படும் பதிவுகள், சொன்னவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே எழுதப்படவேண்டும் என்பது மற்றது. இதன் பின்னால் நின்றவர்கள் அந்த ஆண்டுதான் சபைக்குள் நுழைந்திருந்த சமசமாஜக் கட்சிக்காரர்களான பிலிப் குணவர்தனாவும் என். எம். பெரேராவும். இருவரும் தெற்கத்தியர். அவர்கள் எங்கள் வாவிக்கரையை மனதில் வைத்துப் பேசினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவர்கள் கைவைத்த இடம் அம்மப்பாவின் பெருவிரல் பதிந்த அதே தாள்தான்.

அக்காலத்தில் படுவான்கரையான் ஒருவன் நீதி தேடிப் போவதென்றால் என்ன என்பதை இன்றைய இளையவர்களுக்குச் சற்று விளக்கவேண்டும். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் விடியப்புறம் துறைக்கு வந்து, வாவியைக் கடந்து, பிறகு புளியந்தீவுக்குப் போகவேண்டும். அங்கே முதலில் பெட்டிசம் எழுதுபவர். அடுத்தது பிரக்கிராசியின் விறாந்தை. வழக்குப் பெரிதானால் அப்புக்காத்து. ஐரோப்பியர் விட்டுச்சென்ற இந்தச் சொற்களைக் கிராமத்தவர் தங்கள் நாவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சொற்களுக்கு உரியவர்கள் பேசிய மொழியை வளைக்க முடியவில்லை. வாதி தமிழன், பிரதிவாதி தமிழன், சாட்சி தமிழன், பல வேளைகளில் இரு பக்கத்துச் சட்டவாதிகளும் தமிழர். ஆனாலும் வழக்கு ஆங்கிலத்தில் நடந்தது. தன் வழக்கில் தனக்காக என்ன பேசப்படுகிறது என்பதை, காசு கொடுத்தவன் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்கவேண்டும்.

ஆங்கிலம் அந்தத் தொழிலுக்கு வேலியாகவும் இருந்தது. அந்த வேலி இல்லாவிட்டால், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த கெட்டிக்காரன் ஒருவன் வழக்கேட்டை வாசித்துவிடுவான். கேள்வியும் கேட்பான். சட்டம் படித்தவர்கள் எல்லோரும் இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் குற்றம் சுமத்தமாட்டேன். மனச்சாட்சியோடு ஏழைக்கு வாதாடியவர்களும் இருந்தார்கள். எனினும், ஒரு தொழில் தன் வருமானத்தின் வேலியைத் தானே பிடுங்கிப்போட்டதாக வரலாற்றில் நான் அதிகம் படித்ததில்லை.

சரி, பிரேரணை நிறைவேறியதே, பிறகு என்ன நடந்தது? அது சட்டச் செயலாளரிடம் அனுப்பப்பட்டது. அவ்வளவுதான். டொனமூர் அரசியலமைப்பில் சர்வசன வாக்குரிமை இருந்தது, 50 தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள், ஏழு நிருவாகக் குழுக்கள் இருந்தன. கல்வி, சுகாதாரம், விவசாயம் எல்லாம் அந்தக் குழுக்களின் கைக்குள் வந்தன. நீதி நிருவாகம் மட்டும் வரவில்லை. அது சட்டச் செயலாளர் என்ற பிரித்தானிய அதிகாரியிடம் இருந்தது. மக்கள் பிரதிநிதி நீதித்துறையைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம், கட்டளையிட முடியாது. பிரேரணை அவரது அலுவலகத்தில் கிடந்து தூசி படிந்தது.

இந்த இடத்தில் இன்னொரு பழைய கதையையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மட்டக்களப்புக்கென்று முக்குவர் சட்டம் என்ற வழமைச் சட்டம் இருந்தது. தாய்வழி பார்த்து, சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்துச் சேரும் முறை அது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கொழிந்தது. அதே ஆண்டில்தான் அச்சட்டத்தைப் பற்றிய நூலொன்றை பிரிட்டோ என்பவர் வெளியிட்டார். அதுவும் ஆங்கிலத்தில். ஊர் மக்களின் வாயிலும் வழக்கத்திலும் வாழ்ந்த சட்டம், அவர்கள் வாசிக்க முடியாத மொழியில் புத்தகமாகிக் கண்ணை மூடியது.

1944இல் மொழிப் பிரச்சினை மீண்டும் சபைக்கு வந்தது. ஜே. ஆர். ஜயவர்த்தனா சிங்களத்தைக் கல்வி மொழியாகவும் சபையின் மொழியாகவும் ஆக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். அதில் ‘தமிழும்’ என்று சேர்க்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் எங்கள் பகுதிக்காரர், திருகோணமலை-மட்டக்களப்புத் தொகுதி உறுப்பினர் வி. நல்லையா. ஆசிரியப் பணியிலிருந்து அரசியலுக்கு வந்தவர். திருத்தம் ஏற்கப்பட்டது. ஒரேயொரு சொல். அந்தச் சொல் நிலைத்திருந்தால் பின்னாளைய வரலாறு எப்படி ஓடியிருக்கும் என்று எண்ணிப் பார்க்காத தமிழ் ஆசிரியர் எவரும் மட்டக்களப்பில் இருந்திருக்கமாட்டார்.

அது நிலைக்கவில்லை. 1956இல் சிங்களம் மட்டும். 1961இல் நீதிமன்ற மொழிச் சட்டம். ஆங்கிலம் இருந்த நாற்காலியில் சிங்களத்தை இருத்தும் சட்டம் அது. அந்த ஆண்டு பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்கும் பரவியது. ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த கச்சேரியின் வாசலில் சனங்கள் வந்து குந்தினார்கள். படுவான்கரையிலிருந்தும் தோணியேறி வந்தார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வந்து எல்லாவற்றையும் அடக்கியது.

1973இன் நீதி நிருவாகச் சட்டம் அப்புக்காத்து, பிரக்கிராசி என்ற பிரிவினையை ஒழித்து எல்லோரையும் சட்டத்தரணிகள் ஆக்கியது. தொழிலின் பெயர்ப்பலகை மாறியது. மொழியைப் பொறுத்தவரை 1988 டிசம்பரில் வந்த 16ஆவது திருத்தந்தான் வடக்கு கிழக்கு நீதிமன்றங்களில் தமிழைப் பதிவு மொழியாகத் தெளிவாக நிறுவியது. 1936இலிருந்து எண்ணினால் 52 ஆண்டுகள்.

பிரேரணையின் முதற்பகுதிக்கு இப்படி ஒரு விடை கிடைத்தது. இரண்டாம் பகுதிக்கு, அதாவது பொலிசில் சொன்னதைச் சொன்ன மொழியில் எழுதுவதற்கு என்ன ஆனது?

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிஸ் அதிகாரியிடம் கொடுக்கப்பட்ட குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்பதில்லை. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் காப்பை உடைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சரோ அதற்கு மேற்பட்டவரோ பதிந்த ஒப்புதல் செல்லும் என்றது. அது சுயவிருப்பத்தில் கொடுக்கப்பட்டதல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பையும் சந்தேகநபரின் தலையிலேயே வைத்தது. 1993இல் மட்டக்களப்பு மாவட்டக் கிராமமொன்றில் சுற்றிவளைப்பில் பிடிபட்ட ஓர் இளைஞர், இப்படியான ஓர் ஒப்புதலின் மேல் 1995இல் 50 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஒப்புதல் சிங்களத்தில் இருந்தது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர். கீழே இருந்தது பெருவிரல் அடையாளம். மேன்முறையீட்டில் 1999இல் தண்டனை 35 ஆண்டாகக் குறைந்தது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று முடிவு சொன்னது. அதைக் கொண்டு அவர் உயர் நீதிமன்றத்தை நாடினார். அந்தக் குழுவுக்கு முறையிட வழிசெய்த உடன்பாட்டில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படித்த அன்று அம்மப்பாவின் பெருவிரல்தான் எனக்கு நினைவில் வந்தது. அவர் இழந்தது ஒரு பசுவை.

போர் முடிந்தபின் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழு மட்டக்களப்பிலும் அமர்ந்து சாட்சியம் கேட்டது. காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் தமிழில் சொன்னார்கள். 2011 டிசம்பரில் வெளியான அறிக்கையின் சிபாரிசுகளில் ஒன்று இது: பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் அறிந்த அலுவலர் 24 மணி நேரமும் இருக்கவேண்டும், முறைப்பாட்டாளர் தாம் விரும்பும் மொழியில் தமது வாக்குமூலம் எழுதப்படும் உரிமை உடையவராக இருக்கவேண்டும். பிலிப் குணவர்தனாவும் என். எம். பெரேராவும் கேட்டு 75 ஆண்டுகளுக்குப் பிறகு, ஏறத்தாழ அதே வாசகம்.

அந்த அறிக்கை வெளிவந்தபோது ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. தமிழ் மொழிபெயர்ப்புக்கு எங்கள் தாய்மார் மேலும் பல மாதங்கள் காத்திருந்தார்கள்.