சுமையும் பல்லும்

கோவையில் 'ரேஸ் கோர்ஸ்' என்றால் இன்று நடைப்பயிற்சி என்றே பொருள். வைகறையில் அந்த வட்டச் சாலையைச் சுற்றி வருவோருள் குதிரையை நினைப்பவர் அரிது. பந்தயம் பெயரில் மட்டும் எஞ்சியிருக்கிறது. மலையேறி உதகைக்குச் சென்றாலும் கதை அதுவே. குத்தகை நிலுவையைக் காரணங்காட்டி 2024 ஜூனில் அரசு அங்கிருந்த பந்தயத் திடலை மீட்டுக்கொண்டது. திடல்கள் மறையலாம், 'எது வெல்லும்?' என்ற கேள்வி மறைவதில்லை. அக்கேள்விக்கு விடை தேடும் அறிவு ஆங்கிலேய மரபிலும் கொங்கு மரபிலும் எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சற்றே நோக்குவோம்.

குதிரைப் பந்தயத்தில் 'ஹேண்டிகேப்' என்றொரு முறை உண்டு. வல்ல குதிரைக்குக் கூடுதல் சுமை. எளிய குதிரைக்குக் குறைந்த சுமை. ஈயத் தகடுகளைச் சேர்த்து எடையை நிரவுவர். இங்கிலாந்தில் 1855 முதல் ஜாக்கி கிளப்பின் சார்பில் சுமை விதித்துவந்த அட்மிரல் ரௌஸ் இம்முறைக்கு உறுதியான வடிவம் தந்தவர். கணக்குப் பிசகாவிடில் எல்லாக் குதிரைகளும் ஒரே கணத்தில் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும். அப்படியாயின் வெல்வதைத் தேர்ந்தெடுக்க இடமேது?

இடமுண்டு. சுமை விதிப்பவர் நிறுப்பது குதிரையின் நேற்றை. அதன் இன்றை எந்தத் தராசும் நிறுக்காது. மதிப்பீடு வெளியான பிறகு தேறிவரும் இளங்குதிரை, ஈரத்தரையில் சிறக்கும் குதிரை, குறுந்தொலைவில் தோற்று நெடுந்தொலைவில் மிளிரும் குதிரை ஆகியவற்றையே தேர்ந்த கண் தேடுகிறது. எது சிறந்த குதிரை என்பதன்று கேள்வி. எது தன் சுமையை விஞ்சியது என்பதே.

லிவர்பூலை அடுத்த ஏன்ட்ரீயில் நடைபெறும் கிராண்ட் நேஷனல், தடைதாண்டும் சுமைப் பந்தயங்களுள் புகழ்மிக்கது. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தொலைவு, முப்பது தாண்டல்கள். 1973இல் கிரிஸ்ப், ரெட் ரம் என்ற இரு குதிரைகளையும் பந்தயம் கட்டியோர் சமமாகவே மதித்தனர். சுமையோ கிரிஸ்புக்கு 76 கிலோ, ரெட் ரம்முக்கு 66 கிலோ. கடைசித் தடையைத் தாண்டும்போதும் கிரிஸ்ப் வெகுவாக முன்னணியில் இருந்தது. அதன்பின் கால்கள் தளர்ந்தன. முக்கால் குதிரை நீள வேறுபாட்டில் ரெட் ரம் வென்றது. சுமை தன் வேலையைச் செய்தது என்போம். ஆனால் மறு ஆண்டு ரெட் ரம் அதே 76 கிலோவைச் சுமந்தும் வென்றது. 1967இலோ 23ஆம் தடையில் குதிரைகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பி நிற்க, வெகு பின்னால் வந்த ஃபாய்னவான் விலகித் தாண்டி வாகை சூடியது. அதன்மீது ஒன்றுக்கு நூறு தருவதாகப் பந்தயம் இருந்தது. கணிப்பின் எல்லை அத்தடையருகே தெரிந்துவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். கோவை, பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பகுதிகளின் ரேக்ளாவில் சுமைத்தட்டு இல்லை; பல்லே அளவுகோல். இரண்டு பல், நான்கு பல் காளைகள் 200 மீட்டரும், வளர்ந்தவை 300 மீட்டரும் ஓடும். ஒவ்வொரு வண்டியும் தனித்தே ஓடக் கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். வலியதைத் தாழ்த்திச் சமன்செய்வது அங்குள்ள முறை. ஒத்த வயதினவற்றைத் தனித்து நிறுத்திச் சமன்செய்வது இங்குள்ள முறை. அங்கே ஏட்டில் உள்ள ஓட்டப் பதிவு. இங்கே கண்ணில் உள்ள மாட்டறிவு. பல், குளம்பு, சுழி, இணைக்காளைகளின் நடைப்பொருத்தம் எனப் படிக்கவேண்டிய பாடங்கள் பல. பழையகோட்டைப் பட்டக்காரர் பண்ணை காங்கேயம் இனத்தைப் பேணியதும், கண்ணபுரத்து மாட்டுச் சந்தையும், குதிரைகளும் வந்து குவியும் அந்தியூர் ஆடிச் சந்தையும் அவ்வறிவின் பள்ளிகள். தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காதே என்கிறது பழமொழி. விலைக்கு வாங்குவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதும் அதனுள் அடக்கம்.

இவ்வறிவு அறிவுதானா, சூதா? 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. பந்தயத்தில் பொருளிழந்த குடும்பங்களின் துயரம் அதன் பின்னணி. இருபதாண்டு வழக்கிற்குப் பின் 1996 சனவரி 12இல் உச்சநீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த ஆட்டமே எனத் தீர்ப்பளித்தது. காளைகளின் வழக்கோ வேறு திசையில் சென்றது. 2006இல் உயர்நீதிமன்றத் தடை, 2014இல் உச்சநீதிமன்றத் தடை, 2017இல் சட்டத்திருத்தம், 2023 மே 18இல் அரசமைப்பு அமர்வின் ஏற்பு. குதிரை வழக்கில் ஆராயப்பட்டது மனிதனின் திறன். காளை வழக்கில் ஆராயப்பட்டது விலங்கின் வலி. இரு கேள்விகளும் இரு விலங்குகளுக்கும் உரியவையல்லவா? தார்க்குச்சிக்கும் சாட்டைக்கும் தோல் ஒன்றுதான்.

திறன் என்று நீதிமன்றம் சொன்னதால் தோற்றவன் பணம் திரும்புவதில்லை. தேர்ந்த கண்ணுக்கும் ஒரு 23ஆம் தடை காத்திருக்கிறது. ஆயினும் உயிருள்ள ஒன்றை உற்றுநோக்கி, அதன் நேற்றிலிருந்து இன்றைப் பிரித்தறியும் பழக்கம் பேணத்தக்கது. பணம் கட்டாமலும் அதனைக் கற்கலாம். அடுத்த ஆடியில் அந்தியூர் செல்வோர் குதிரைகளை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டாம். அவற்றின் வாய் திறந்து பல் பார்க்கும் முதியவர்களின் கண்களையும் பாருங்கள்.