ஏவா பெரோனின் நோயும் 1951 அறுவைச் சிகிச்சையும்

அர்கெந்தீனாவின் குடியரசுத் தலைவர் யுவான் பெரோனின் மனைவி ஏவா பெரோன் (1919–1952). மக்கள் அவரை எவிட்டா என்று அழைத்தனர். 1951 செப்டம்பரில், 32ஆம் வயதில், அவருக்கு முற்றிய நிலையில் கருப்பை வாய்ப் புற்றுநோய் இருப்பது கண்டறியப்பட்டது. அன்று முதல் நவம்பரில் நடந்த அறுவைச் சிகிச்சை வரையிலான வாரங்கள் மருத்துவ வரலாற்றிலும் அரசியல் வரலாற்றிலும் பேசப்படுகின்றன. கணவருக்கும் மருத்துவர்களுக்கும் தெரிந்த நோயின் பெயர், நோயாளிக்கு மட்டும் சொல்லப்படவில்லை.

பின்னணி

கருப்பையின் அடிப்பகுதியே கருப்பை வாய். அக்காலத்தில் அதில் வரும் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோய் என்றே பொதுவாக அழைக்கப்பட்டது. யுவான் பெரோனின் முதல் மனைவி அவுரேலியா திசோனும் 1938இல் இதே நோயால் இறந்தவர்.

1950 சனவரியில் ஒரு பொது நிகழ்ச்சியில் ஏவா மயங்கி விழுந்தார். சில நாட்களில் அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது. அதைச் செய்தவர் கல்வி அமைச்சராகவும் இருந்த மருத்துவர் ஒஸ்கார் இவானிசெவிச். கருப்பையை அகற்றும்படி அப்போதே தாம் கூறியதாகவும், ஏவா மறுத்துவிட்டதாகவும் அவர் பின்னாளில் தெரிவித்தார். ஆய்வாளர் சிலர் இக்கூற்றை ஏற்பதில்லை. ஆனால் அதன் பிறகும் ஏவா ஓய்வெடுக்கவில்லை என்பதில் ஐயமில்லை. தம் பெயரிலான அறக்கட்டளையில் உதவி கேட்டு வந்த ஏழைகளை நாள்தோறும் நெடுநேரம் சந்தித்தார்.

1951 ஆகத்து 22இல் புவெனஸ் ஐரிசில் திரண்ட பெருங்கூட்டம், அவர் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட வேண்டும் என்று கோரியது. ஆகத்து 31இல் வானொலியில் பேசிய அவர், அதை ஏற்கவில்லை என்று அறிவித்தார். இராணுவத்தின் எதிர்ப்பு இதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது.

நோய் அறிதலும் மறைப்பும்

அடுத்த மாதம் திசுச் சோதனை நோயை உறுதி செய்தது. அரசின் மருத்துவ அறிக்கையோ அவருக்கு இரத்தசோகை என்று மட்டுமே கூறியது. செப்டம்பர் 28இல் இராணுவத்தினர் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றனர். அன்றிரவு ஏவா படுக்கையில் இருந்தபடியே வானொலியில் மக்களுக்கு நன்றி கூறினார்.

அறுவைக்கு முன் கட்டியைச் சுருக்குவதற்காக, மகளிர் நோய் மருத்துவர் ஹோர்கே ஆல்பர்டெல்லியின் மேற்பார்வையில் ரேடியம் சிகிச்சை அளிக்கப்பட்டது. உடல் மெலிந்து வலி மிகுந்திருந்த நிலையிலும் அக்டோபர் 17 விழாவில் ஏவா மாளிகை மாடத்தில் நின்று பேசினார். நிற்க முடியாத அவரைக் கணவர் பின்னிருந்து தாங்கிக்கொண்டார். தமக்கு என்ன நோய் என்பதை ஏவா எந்த அளவுக்கு ஊகித்திருந்தார் என்பதில் உடனிருந்தோரின் கூற்றுகள் வேறுபடுகின்றன. ஆனால் அந்த உரையில் விடைபெறும் தொனி இருந்ததைப் பலரும் குறித்துள்ளனர்.

அறுவைச் சிகிச்சை

நவம்பர் 6இல் அவெயனேடா நகர மருத்துவமனையில் அறுவை நடந்தது. நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையைச் சேர்ந்த புற்றுநோய் அறுவை வல்லுநர் ஜார்ஜ் பேக் இதற்காக இரகசியமாக வரவழைக்கப்பட்டார். ஏவாவுக்கு மயக்க மருந்து கொடுத்த பிறகே அவர் அறைக்குள் நுழைந்தார். தமக்கு அறுவை செய்தவர் நாட்டின் புகழ்பெற்ற மருத்துவர் ரிக்கார்டோ ஃபினோக்கியேட்டோ என்றே ஏவா நம்பினார். வெளிநாட்டுப் புற்றுநோய் மருத்துவரைக் கண்டால் நோயாளி உண்மையை உணர்ந்துவிடுவார் என்று உடனிருந்தோர் அஞ்சினர்.

ஐந்து நாட்களுக்குப் பின், நவம்பர் 11இல், தேர்தல் நடந்தது. ஏவா முன்னின்று போராடிய பெண்கள் வாக்குரிமைச் சட்டம் 1947இல் நிறைவேறியிருந்தது. அதன்படி பெண்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்த நாள் அது. வாக்குப்பெட்டி ஏவாவின் படுக்கைக்கே கொண்டுவரப்பட்டது. எதிர்க்கட்சியின் தேர்தல் முகவராக உடன் சென்ற எழுத்தாளர் தாவித் வின்யாஸ், மருத்துவமனைக்கு வெளியே மண்டியிட்டு அந்தப் பெட்டியைத் தொட்ட பெண்களைப் பற்றிப் பின்னர் நினைவுகூர்ந்தார். அத்தேர்தலில் 38 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வாக்களித்தனர். 23 பெண்கள் கீழவைக்கும் 6 பெண்கள் மேலவைக்கும் தேர்வாயினர்.

சில மாதங்களில் நோய் திரும்பியது. 1952 சூலை 26இல் ஏவா தம் 33ஆம் வயதில் இறந்தார்.

மறைப்பின் காரணங்கள்

இந்த மறைப்பில் அரசியல் நோக்கம் இருந்தது. தேர்தல் நெருங்கிய வேளையில் ஆட்சியின் முகமாக விளங்கியவருக்குத் தீராத நோய் என்பதை வெளியிட அரசு விரும்பவில்லை. ஆயினும் இது அர்கெந்தீனாவுக்கே உரிய வழக்கம் அன்று. புற்றுநோய் என்ற சொல்லே நம்பிக்கையைக் கொன்றுவிடும் என்ற எண்ணம் அன்று பல நாடுகளின் மருத்துவர்களிடமும் இருந்தது. சிகாகோ மருத்துவமனை ஒன்றில் நடந்து 1961இல் வெளியான ஆய்வில், சுமார் 90 விழுக்காட்டு மருத்துவர்கள் நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்வதைத் தவிர்ப்பதாகக் கூறினர். 1979இல் அமெரிக்காவில் வெளியான இதே போன்ற ஆய்வில் 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினர். சிகிச்சை முறைகள் பெருகியதும், நோயாளியின் ஒப்புதல் சட்டப்படி தேவையானதும் இம்மாற்றத்துக்கு உதவின.

மறைப்பு ஏவாவை அச்சத்திலிருந்து காத்தது என்று சொல்வது கடினம். வலியும் இரத்தப்போக்கும் உடல் மெலிவும் அவர் அறிந்தவையே. அவர் இழந்தது, வெளிப்படையாகக் கேள்வி கேட்கவும் சிகிச்சையைத் தாமே தேர்ந்தெடுக்கவும் இருந்த வாய்ப்பு. அர்கெந்தீனாவில் 2009இல் இயற்றப்பட்ட நோயாளர் உரிமைச் சட்டம், தம் உடல்நிலை பற்றிய தகவலைப் பெறும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது. அறிய விரும்பாவிட்டால் அதைத் தவிர்க்கும் உரிமையும் அச்சட்டத்தில் உண்டு. இவ்விரண்டில் எது வேண்டும் என்பதை முடிவு செய்பவர் இன்று நோயாளியே.