ஆக்சிஜனைச் சந்தேகித்த கண் மருத்துவர்

மூச்சுத் திணறும் குழந்தைக்கு என்ன கொடுக்கணும்? "ஆக்சிஜன்" என்று எந்த மாணவரும் சட்டென்று சொல்லிவிடுவார். 1940-களில் அமெரிக்க மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து, ஆக்சிஜனைத் தாராளமாகச் செலுத்தினார்கள். பல குழந்தைகள் பிழைத்தன. ஆனால், பிழைத்தவற்றுள் பல குழந்தைகளுக்குக் கண் தெரியவில்லை.

இந்த நோயைப் பற்றி 1942-இல் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி எழுதினார். காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. வைட்டமின் குறைவு, வெளிச்சம், நோய்த்தொற்று என்று ஆளுக்கு ஒன்று சொன்னாங்க. உலகில் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். வியப்பு என்னவென்றால், வசதி மிகுந்த மருத்துவமனைகளில்தான் இந்த நோய் அதிகம்!

வாஷிங்டனில் பயிற்சி மருத்துவராக இருந்த ஆர்னால் பாட்ஸ் (1920–2010), ஆக்சிஜனையே சந்தேகித்தார். குழந்தை மருத்துவர் லெராய் ஹோக்குடன் சேர்ந்து ஒரு சோதனைக்குத் திட்டமிட்டார். ஒரு குழுவுக்கு வழக்கம்போல் அதிக ஆக்சிஜன். மற்றொரு குழுவுக்குத் தேவையான அளவு மட்டும். அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் தற்சார்பு மாறி இங்கே ஆக்சிஜனின் அளவுதான்.

அரசு நிதி கிடைக்கவில்லை. ஆக்சிஜனைக் குறைத்தால் குழந்தைகள் இறந்துவிடும் என்று அஞ்சினார்கள். பாட்ஸ் தம் சகோதரரிடம் கடன் வாங்கினார். தாதியர் சிலர், பாவம் பிள்ளைங்க என்று இரக்கப்பட்டு, இரவில் ஆக்சிஜனைக் கூட்டி வைத்தார்கள். இத்தனைக்கும் நடுவே உண்மை வெளிப்பட்டது. கடுமையான பார்வையிழப்பு, அதிக ஆக்சிஜன் பெற்ற குழுவில்தான் இருந்தது. பின்னர் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு, 1954-இல் இதனை உறுதிப்படுத்தியது.

காரணம் இதுதான். அதிக ஆக்சிஜன், விழித்திரை இரத்தக் குழாய்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது. பிறகு குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து தழும்பாகி, விழித்திரையை இழுத்துப் பிரிக்கின்றன.

1956-இல் பாட்ஸ் லாஸ்கர் விருது பெற்றார். அத்தோடு அவர் நிற்கவில்லை. இனிப்புநீர் நோயாளிகளின் விழித்திரையைக் காக்கும் லேசர் சிகிச்சையை வளர்ப்பதிலும் முன்னோடியாக உழைத்தார். 2004-இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. பின்னர் சில இடங்களில் ஆக்சிஜனை மிகவும் குறைத்துவிட்டதால் குழந்தைகள் இறந்தன. அளவுக்கு மிஞ்சினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. அதனால்தான் இன்று ஒவ்வொரு குழந்தையின் இரத்தத்திலும் ஆக்சிஜனை அளந்து பார்த்துக் கொடுக்கிறார்கள்.

ஆசிரியர்களே, வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: அந்தத் தாதியர் செய்தது தவறா? மாணவர்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, காரணம் சொல்லட்டும். நல்ல எண்ணம் மட்டும் போதுமா, சான்றும் வேண்டுமா என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.