ஃபிரிட்ஜ் தகட்டுக்கு ஓர் உரை

உணவக அடுப்படியில் நிற்கும் நான்கு கதவு ஸ்டீல் ஃபிரிட்ஜின் முதுகிலோ உட்சுவரிலோ ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். மெக்கானிக்கைத் தவிர அதைப் படிப்பவர் அரிது. அந்த வகைத் தகடுகளில் வழக்கமாக வரும் வரிகளை மாதிரியாக வைத்து இங்கே உரை சொல்கிறேன். அடுத்த மாதக் கரண்ட் செலவை முன்கூட்டியே அறிய விரும்பும் முதலாளி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

“230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 3.5 ஆம்பியர்”

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் 805. அதையே வாட் என்று கொண்டால் கணக்கு தப்பும். மின்னோட்டத்தில் ஒரு பகுதி கம்ப்ரஸர் மோட்டாரின் காந்தப் புலத்தை எழுப்பிவிட்டு லைனுக்கே திரும்பிவிடும். ஒயரும் சுவிட்சும் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த வரி.

“உள்ளீட்டுத் திறன் 550 வாட்”

யூனிட் கணக்குக்கு உரிய வரி இதுவே. 24 மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 13.2 யூனிட். ஆனால் உள்ளே போதிய குளிர் வந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். நாளில் பாதி நேரம் ஓடினால் 6.6 யூனிட்தான். ஓட்ட நேரம் எவ்வளவு என்று எந்தத் தகடும் சொல்லாது. அதை அந்தந்த அடுப்படிதான் தீர்மானிக்கிறது.

ஆகவே ஃபிரிட்ஜுக்கென்று தனியாக ஒரு சிறு மீட்டர் மாட்டுங்கள். தினமும் கடை அடைக்கும்போது மீட்டர் எண்ணையும், மதிய வேளையில் அடுப்படியின் வெப்பத்தையும் நோட்டில் எழுதிவையுங்கள். 28 டிகிரி நாட்களில் 7 யூனிட், 34 டிகிரி நாட்களில் 8.5 யூனிட் என்று வந்தால், ஒரு டிகிரிக்குக் கால் யூனிட் ஏறுகிறது என்று பொருள். 38 டிகிரி நாளுக்கு 9.5 யூனிட் எதிர்பார்க்கலாம். பில் தொகை முன்பே தெரிவது இதில் சிறு லாபம். அதே வெப்பத்தில், அதே வியாபாரத்தில் மீட்டர் 11 காட்டினால் இயந்திரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அன்றே தெரிகிறதே, அதுதான் பெரிய லாபம்.

“காலநிலை வகுப்பு 4”

சோதனைக் கூடத்தில் 30 டிகிரி வெப்பம், 55 சதவீத ஈரப்பதத்தில் வைத்துப் பார்த்தார்கள் என்பது இதன் பொருள். சென்னையின் மே மாதத்தில், தோசைக்கல்லுக்குப் பக்கத்தில், அந்த 30 டிகிரி எங்கே கிடைக்கும்? வகுப்பு 5 என்றால் சோதனை 40 டிகிரியில். நம் ஊர் அடுப்படிக்கு அதைக் கேட்டு வாங்குவதே முறை. விற்பவர் காட்டும் யூனிட் கணக்கு எந்த வகுப்பில் எடுத்தது என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது. ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் அடுப்பை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள். வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரின் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தாலே மின்செலவில் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீதம் மிச்சம்.

“ஆர்-290, 140 கிராம்”

இது புரோபேன். புவியைச் சூடாக்கும் தன்மை பழைய ஆர்-404ஏ வாயுவோடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. ஆனால் தீப்பற்றும். பயிற்சி இல்லாதவரைத் தொட விடாதீர்கள்.

“உள் வெப்பநிலை +2 முதல் +8 வரை”

இயந்திரத்தால் முடிந்த எல்லையைச் சொல்லும் வரி. உணவுக்கு உரிய எல்லை வேறு: 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மிச்சம் பிடிக்கிறேன் என்று 7-இல் வைப்பது சாப்பிட வருகிறவருக்குச் செய்யும் துரோகம். பயந்து 2-க்குத் திருகுவதும் வீண். 3 அல்லது 4 போதும்.

மிச்சத்துக்கு இடம் வேறு. 20 லிட்டர் சாம்பாரை 80 டிகிரிச் சூட்டோடு உள்ளே வைத்தால் சுமார் 1.7 யூனிட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் இரண்டு யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்று கொண்டால், அதற்கே 0.85 யூனிட் மின்சாரம் போகிறது. பக்கத்திலிருக்கும் பாலும் மாவும் வேறு சூடேறும். பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கிளறி, 35 டிகிரிக்கு இறக்கி, ஆழமில்லாத தட்டுகளில் ஊற்றி உடனே உள்ளே வைத்தால் 0.35 யூனிட்டில் முடிந்துவிடும். ஆறட்டும் என்று மேடையிலேயே மணிக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது. கிருமி பெருகுவது அந்த நேரத்தில்தான்.

“பின்புறம் காற்றோட்டத்துக்கு இடம் விடவும்”

இடம் விட்டால் மட்டும் போதாது. அடுப்படிக் காற்றில் எண்ணெய்ப் புகையும் மாவுத்தூளும் மிதக்கின்றன. இரண்டும் சேர்ந்து கண்டென்சரின் மெல்லிய தகடுகள் மேல் கம்பளிபோல் படியும். வெப்பம் வெளியேற வழியின்றிக் கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். மாதம் ஒருமுறை கரண்டை நிறுத்திவிட்டுப் பிரஷ் போடுங்கள். கதவு ரப்பரையும் அன்றே சோதியுங்கள்: ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால், தடையில்லாமல் வழுக்கி வரும் இடத்தில் ரப்பர் போய்விட்டது. மறுநாள் மீட்டரைக் கணிப்போடு ஒப்பிடுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் விசிறியையும் கேஸ் கசிவையும் மெக்கானிக் பார்க்கட்டும்.